காணாத பாதி

2005ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், அதுவரை அதிகம் காணப்படாத ஒரு காட்சி மட்டக்களப்பு நகரத்துத் தெருக்களிலே நாளாந்தக் காட்சியாயிற்று. சேறும் மணலும் படிந்த வண்டிகள் காலையிற் புறப்பட்டு மாலையில் மீண்டன. அவற்றின் முன்புறத்திலோ பின்மூலையிலோ ஆளுயரத்தை விஞ்சிய மெல்லிய கோல் ஒன்று நின்றது. வண்டி பள்ளத்தில் இறங்குந்தோறும் அக்கோல் வளைந்து நிமிர்ந்தது. சிறுவர் அவற்றைத் தூண்டில் வண்டிகள் என்றனர். அப்பெயர் ஒருவகையிற் பொருத்தமானதே. தூண்டிற்காரனின் கண் கோலின் நுனியில் இருப்பினும், மீன் அகப்படுவது நீருக்குள் மறைந்து கிடக்கும் பாதியினாலன்றோ? வானொலிக் கோலுக்கும் அத்தகைய மறைந்த பாதி ஒன்றுண்டு. அதனை மறந்தமையால் விளைந்த ஓர் இழப்பையும், அவ்விழப்பின் பின் ஒரு முதியவர் செய்த வேலையையும் பற்றியது இக்கட்டுரை.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்தபோது, உயிர்களோடும் உடைமைகளோடும் செய்தித் தொடர்பும் அழிந்தது. தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்தன, பாதைகள் அறுந்தன. வாகரைப் பக்கத்து மணற்பாதைகளிற் பல இடங்களுக்குக் கைத்தொலைபேசியும் அக்காலத்தில் எட்டவில்லை. அத்தகைய வேளைகளிலே மனிதன் பழையதொரு கருவியிடமே திரும்புகின்றான். வங்கக் கடலின் மறுபுறத்தில், அந்தமானின் போட் பிளேயரில், பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஓய்வுநேர வானொலிப் பயிற்சிக்காகச் சென்றிருந்த குழுவினர், அதே நாளில் தம் பொழுதுபோக்கை உதவிப் பணியாக மாற்றித் தீவுகளின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பியமை பலரும் அறிந்ததாகும். மட்டக்களப்பிலும் உதவிப் பணியாளரின் வண்டிகளுக்குச் சிற்றலை வானொலிகள் பொருத்தப்பட்டன. ஒரு பற்றரி, ஒரு பெட்டி, ஒரு கோல். இம்மூன்றும் இருந்தாற் போதும் என்று பலர் எண்ணினர்.

அவ்வாறு எண்ணாதவர் ஒருவர் புளியந்தீவில் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலிக் கருவிகளைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டு, ஓய்வுபெற்று, வாவியோரத்து வீட்டில் வாழ்ந்த தொழில்நுட்பவியலாளர் அவர். வாவிப்பக்கம் இருந்தமையால் அவருடைய வீடு தப்பியது. கடற்பக்கத்தில் இருந்த உறவினர் பலருடைய வீடுகள் தப்பவில்லை. தப்பியவன் சும்மா இருத்தல் தகாது என்ற எண்ணம் அவரை உறுத்திற்று. உதவி நிறுவனமொன்று தன் வண்டிகளுக்கு வானொலி பொருத்தித் தருமாறு கேட்டபோது, கூலி பேசாமல் அவர் பழைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குச் சென்றார். தொழில் பழகும் இளைஞன் ஒருவன் அவருக்குத் துணையாக வந்தான்.

ஜனவரி முதல் வாரத்து மாலையொன்றில் அவர்களிடம் வந்தது ஒரு பழைய லாண்ட்றோவர். விடிந்தால் அது வாகரைக்குப் போகவேண்டும். அன்று அவர்கள் பொருத்திய நான்காவது வண்டி அது. இருட்டிவிட்டது, மழையும் தூறிற்று. பின்மூலையில் உருக்குத் தாங்கி ஒன்றை இரண்டு போல்றுகளால் முறுக்கி, அதன்மேல் இரண்டரை மீற்றர் நீளக் கோலையும் அதற்குரிய சுருளையும் நிறுத்தினர். கோலின் அடியிலிருந்து கேபிளை உள்ளே இழுத்துப் பெட்டியுடன் இணைத்தனர். பின்னர் மானியைப் பார்த்தனர். கோலுக்குச் செல்லும் வலுவில் எவ்வளவு திரும்பி வருகின்றது என்பதைக் காட்டும் மானி அது. ஒன்றுக்கு ஒன்று என்பது அதன் மிகச் சிறந்த அளவு. அன்று முள் ஒன்று தசம் ஒன்றில் நின்றது. முதலாவது முயற்சியிலேயே அத்தகைய அளவு கிடைத்தமை இளைஞனுக்குப் பெருமகிழ்ச்சியை அளித்தது. முதியவருக்கோ உள்ளத்தின் ஒரு மூலையில் ஏதோ நெருடிற்று. ஆயினும் களைப்பு அந்த நெருடலை வென்றது. அவர் பெட்டியை மூடினார்.

அந்த நெருடலின் காரணத்தை உணர்வதற்கு ஏரியலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். 7 மெகாஹேட்ஸ் மீடிறனில் அலையின் நீளம் ஏறத்தாழ 43 மீற்றர். நிலைக்குத்தாக நிற்கும் ஏரியல் அவ்வலைநீளத்தின் காற்பங்காக, அதாவது பத்தரை மீற்றருக்குச் சற்று மேலாக இருப்பதே இயல்பான அளவு. அது ஒரு தென்னையின் உயரம். அதனை வண்டியில் நிறுத்தி ஓட முடியாது. எனவே குறுகிய கோலையும், குறையை நிரப்பக் கம்பிச் சுருளையும் வைக்கின்றோம். ஆனால் காலலை ஏரியலே முழு ஏரியலன்று, அது பாதியே. மறுபாதியை அதன் அடியிலுள்ள கடத்தும் பரப்புத் தரவேண்டும். வாவிக்கரையில் நிற்கும் தென்னை நீரிலே தலைகீழாகத் தோன்றுவதுபோல, கோலும் தன் கீழுள்ள உலோகத்திலே தன் பிரதிபிம்பத்தைக் காண்கின்றது. நீர் கலங்கினால் பிம்பம் சிதையும். அவ்வாறே வண்டியின் உடல் தொடர்பற்ற துண்டுகளாகக் கிடந்தால் மறுபாதியும் சிதையும். கோலிற் பாயும் மின்னோட்டத்துக்கு ஈடான மின்னோட்டம் வண்டியின் உடலிலும் பாய்ந்தே தீரவேண்டும். அது பாயும் வழி இடுக்கமாக இருப்பின், வலு அவ்விடுக்கிலேயே வெப்பமாகி அழியும்.

இதனைப் புவித்தொடுப்பு என்று சொல்வது வழக்கு. ஆயினும் அச்சொல்லே பலரை மயக்குகின்றது. வண்டி நிற்பது இறப்பர் ரயரின்மேல். புவியை அது தொடுவதேயில்லை. இளைஞனும் ஒருநாள் இதே ஐயத்தைக் கிளப்பினான்.

"ஐயா, பெற்றோல் பவுசருக்குக் கட்டுறமாதிரி ஒரு சங்கிலியைக் கட்டி நிலத்தில இழுத்தா என்ன?"

முதியவர் சிரித்தார். அச்சங்கிலி உராய்வால் சேரும் மின்னேற்றத்தைக் கசியவிடுவதற்கானது. வானொலி அலைக்கு அதனாற் பயன் எதுவும் இல்லை என்று விளக்கினார். ஆனால் அவனுடைய கேள்வி பிழையானதன்று என்றும் கூறினார். 1901ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மார்க்கோனி ஒரு நீராவி வண்டியின் கூரைமேல் நீண்ட உலோக உருளையொன்றை ஏரியலாக நிறுத்தி, கம்பி வலையொன்றை நிலத்தில் விரித்துப் புவித்தொடுப்பாகக் கொண்டார். அவ்வலை இல்லாதபோது வண்டியின் உலோகப் பகுதியே அப்பணியைச் செய்யும் என்பதையும் அவர் கண்டார். வண்டியின் உடலும் நிலமும், நடுவே காற்றும் இறப்பரும் இருக்க, ஒரு கொள்ளளவத்தின் இரு தகடுகளைப்போல் அமைகின்றன. மாறுகின்ற மின்னோட்டம் தொடாமலே அவ்விடைவெளியைக் கடக்கின்றது. ஆகவே வண்டிக்கு வேண்டியது மண்ணைத் தொடும் சங்கிலியன்று. தன் உறுப்புகள் எல்லாம் ஒன்றையொன்று நன்கு தொட்டுக்கொண்டிருக்கும் உடலே. இவையெல்லாவற்றையும் முதியவர் அறிந்திருந்தார். பிறருக்குக் கற்பித்தும் இருந்தார். அறிந்திருந்தும் தவறினார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

பொருத்திய பன்னிரண்டாம் நாள் அந்த லாண்ட்றோவர் வாகரைக்கு வடக்கேயுள்ள முகாமொன்றிலிருந்து ஒரு மீனவரை ஏற்றிக்கொண்டு திரும்பிற்று. அலை வந்த நாளில் கூரைத்தகடு ஒன்று அவருடைய காலை வெட்டியிருந்தது. முதலிற் சிறிய காயமாகத் தோன்றியது அழுகத் தொடங்கி, காய்ச்சலும் கண்டிருந்தது. மாலை ஆறு மணியளவில், மழைநீர் தேங்கிய மணற்பாதையில் வண்டியின் பின்சில்லுகள் அச்சுவரை புதைந்தன. சாரதி ஒலிவாங்கியை எடுத்து நகரத்து நிலையத்தை அழைத்தார். மறுமொழி இல்லை. மீண்டும் அழைத்தார். நகரத்தில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இரைச்சலுக்கிடையே யாரோ பேசுவது போன்ற ஓர் ஒலி ஒருமுறை வந்தது. எந்த வண்டி, எங்கே, என்ன வேண்டும் என்பது விளங்கவில்லை. சாரதி இரவு முழுவதும் அரைமணிக்கு ஒருமுறை அழைத்தார். விடிந்தபின் உழவு இயந்திரம் ஒன்று வந்து வண்டியை இழுத்தது. மீனவர் முற்பகலில் வைத்தியசாலையை அடைந்தார். அன்று மாலை அவருடைய காலை முழங்காலுக்குக் கீழே அகற்றினார்கள். ஓரிரவு முந்தி வந்திருந்தாற் கால் தப்பியிருக்குமா என்ற வினாவுக்கு வைத்தியர் திட்டமான விடை கூறவில்லை. உயிர் தப்பியதே பெரிது என்று மட்டும் கூறினார்.

வண்டி கராஜுக்குத் திரும்பியதும் முதியவர் சாரதியிடம் கேட்ட முதற் கேள்வி, பேசும்போது வேறேதும் உணர்ந்தாரா என்பது. சாரதி சற்று யோசித்துச் சொன்னார்:

"மைக் உதட்டில படேக்க சுள்ளெண்டு கடிக்கும். முதல் நாளில இருந்தே அப்பிடித்தான். நான் பெரிசா எடுக்கேல்ல."

அதைக் கேட்டதும் முதியவர் வண்டிக்குக் கீழே பார்க்கவேண்டிய தேவையே இல்லாதவர்போல நின்றார். ஒலிவாங்கி கடிக்கின்றது என்றால், வண்டியின் உடலிற் பரவவேண்டிய மின்னோட்டம் அங்கு வழி காணாமல், கேபிளின் வெளிச்செப்பைப் பற்றிக்கொண்டு பெட்டிக்குள் வந்து, பேசுபவரின் உதடுவரை ஏறியிருக்கின்றது என்பதே பொருள். கோலுக்கு மறுபாதியாக அமைந்தது வண்டியன்று. ஒரு கேபிளின் தோலே.

தாங்கியைக் கழற்றியபோது காரணம் கண்முன் வந்தது. தாங்கிக்கும் உடலுக்குமிடையே வர்ணப்பூச்சு அப்படியே இருந்தது. போல்றின் புரிகள் மட்டுமே உலோகத்தைத் தொட்டிருந்தன. வண்டியின் குலுக்கத்தால் அத்தொடுகையும் தளர்ந்திருந்தது. அதற்கும் அப்பால் இன்னொரு தடை இருந்தது. லாண்ட்றோவர் 1948ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த காலத்தில், போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியது. அதனால் உடலை அலுமினியக் கலப்புலோகத்தாலும் அடிச்சட்டத்தை உருக்காலும் ஆக்கினார்கள். அவ்வழக்கம் நீண்டகாலம் தொடர்ந்தது. அலுமினியமும் உருக்கும் சேருமிடத்தில் உப்புநீர் பட்டால் அதுவே ஒரு சிறு மின்கலமாகி அலுமினியத்தை அரிக்கின்றது. அரிப்பால் உண்டாகும் வெண்ணிறத் தூளாகிய ஒட்சைட்டு ஒரு காவலி. கடலுக்கும் வாவிக்கும் இடையே உழைத்த அவ்வண்டியின் உடலும் அடிச்சட்டமும் கண்ணுக்கு ஒன்றாய், மின்னுக்கு வெவ்வேறாய் இருந்தன.

அப்படியாயின் மானி ஏன் அத்துணை நல்ல அளவைக் காட்டிற்று? இளைஞனின் குழப்பம் இதுதான். முதியவர் கராஜின் சீமெந்துத் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினார். இரண்டரை மீற்றர் கோல் 7 மெகாஹேட்ஸில் அலையை வீசுவதற்குப் பயன்படும் தடை ஓர் ஓமிலும் சிறிதே அதிகம். சுருளிலும் நிலத்திலும் இயல்பாக இழக்கப்படுவதற்கு இன்னொரு பதினான்கு ஓம் என்று கொள்வோம். கூட்டினால் ஏறத்தாழ பதினைந்து ஓம். வானொலிப் பெட்டியோ 50 ஓமை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. ஆகவே நன்கு பொருத்திய ஏரியலில் மானி மூன்றுக்கு மேல் காட்டவேண்டும். ஒன்று தசம் ஒன்று என்று காட்டுமானால், கேளாமலே எங்கிருந்தோ இன்னும் முப்பது ஓமுக்கு மேலான தடை வந்து சேர்ந்திருக்கின்றது. அத்தடை பழுதான இணைப்புகளின் தடை. திரும்பி வரும் வலு இல்லை என்பது உண்மையே. ஆனால் வலு போன இடம் வானமன்று, துருவும் தூளும். பெட்டி கொடுக்கும் நூறு வாற்றில் மூன்று வாற்றுக்கும் குறைவாகவே அலையாயிற்று. எஞ்சியது வெப்பமாயிற்று.

"அப்ப மீற்றர் பொய் சொன்னதா ஐயா?"

"மீற்றர் பொய் சொல்லேல்ல தம்பி. திரும்பி வருதா எண்டு நாங்க கேட்டம். இல்லை எண்டு சொல்லிச்சுது. எங்க போகுது எண்டு நாங்க கேக்கேல்ல."

இக்கூற்று வானொலிக்கு மட்டும் உரியதன்று. முறைப்பாடு எதுவும் திரும்பி வரவில்லை என்பதனாலேயே காரியம் சென்று சேர்ந்துவிட்டது என நம்பும் பழக்கம் அலுவலகங்களிலும் உண்டு; குடும்பங்களிலும் உண்டு. பழுதில்லாத இடத்தில் அமைதி நிலவுவது போலவே, எல்லாவற்றையும் விழுங்கிவிடும் இடத்திலும் அமைதி நிலவும். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு அளவு மட்டும் போதாது. அளவு எப்படி இருக்கவேண்டும் என்ற முன்னறிவும் வேண்டும். முதியவருக்கு அம்முன்னறிவு இருந்தது. நெருடலாக வந்து அவரைத் தொட்டதும் அதுவே. அவர் அதற்குச் செவிகொடுக்கவில்லை.

செவிகொடுத்தல் என்பதற்கு மட்டக்களப்பாரிடம் ஓர் அழகிய மரபு உண்டு. கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்து இரவுகளில் மீன்பாட்டுக் கேட்கச் செல்வோர், தோணியிலிருந்தபடி துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு அழுத்திப் பிடிப்பார்கள். வெறுங்காதுக்குக் கேளாத ஒலி மரத்தின் வழியே ஏறிவரும். துடுப்புக்கும் காதுக்கும் நடுவே சால்வையின் ஒரு மடிப்புப் புகுந்தாலும் ஒலி மங்கிவிடும். முதியவர் சிறுவயதில் தந்தையுடன் சென்று அவ்வாறு கேட்டவர். வர்ணப்பூச்சின் மேல் தாங்கியை முறுக்கியது சால்வைக்கு மேலாகத் துடுப்பை அழுத்தியதற்கு ஒப்பானது என்று அவர் இளைஞனிடம் சொன்னார். அதன்பின் அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாட் காலையில் வேலை தொடங்கிற்று. இம்முறை அவசரம் இல்லை. தாங்கி அமரும் இடத்து வர்ணத்தை ஒரு நாணய அளவுக்கு அரத்தாளால் தேய்த்து, வெள்ளிபோல் மின்னும்வரை உலோகத்தை வெளிப்படுத்தினர். பற்களையுடைய வாசர்களை இட்டு முறுக்கினர். அப்பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடிப்பவை. தாங்கியிலிருந்து அடிச்சட்டத்துக்கு அகன்ற செப்புப் பின்னற் பட்டியொன்றை இயன்ற அளவு குறுகியதாக இணைத்தனர். வெறுஞ்செப்பு அலுமினியத்தைத் தொட்டால் அரிப்பு விரைவுபடும் என்பதால் வெள்ளீயம் பூசிய பின்னலையே தெரிந்தனர்.

ஒரு மீற்றர் நீளக் கம்பியே இருக்க, பட்டி எதற்கு என்று இளைஞன் கேட்டான். ஓம்மானியில் அக்கம்பி பூச்சியத்தையே காட்டிற்று. அது நேரோட்டத்துக்கு உரிய விடை என்றார் முதியவர். 7 மெகாஹேட்ஸ் மின்னோட்டம் கம்பியின் உள்ளே பாய்வதில்லை. செப்பின் மேற்றோலில், ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு ஆழத்திலேயே பெரும்பாலும் பாய்கின்றது. அன்றியும் ஒரு மீற்றர்க் கம்பியின் தூண்டல் அம்மீடிறனில் நாற்பது ஓமுக்கு மேற்பட்ட எதிர்ப்பாகி நிற்கும். ஆகவே அகலம் வேண்டும், குறுமை வேண்டும். அதன்பின் உடலை அடிச்சட்டத்தோடு நான்கு மூலைகளிலும், பொனற்றை அதன் இரு கீல்களிலும், கதவுகளையும், இறப்பரில் தொங்கும் புகைக்குழாயையும் பின்னற் பட்டிகளால் பிணைத்தனர். பெட்டிக்குரிய மின்னை வேறு கம்பிகளிலிருந்து கடன் வாங்காமல், பற்றரியிலிருந்தே தடித்த இரு கம்பிகளால், பற்றரியின் அருகில் உருகியும் வைத்துக் கொண்டுவந்தனர். ஒவ்வொரு இணைப்பும் முறுக்கி முடிந்தபின் கிறீஸ் தடவி, மேலே வர்ணம் பூசி, உப்புக்காற்று புகாமல் மூடினர். முன்பு வர்ணத்தின்மேல் இணைப்பு இருந்தது. இப்போது இணைப்பின்மேல் வர்ணம் இருந்தது. முழு வேறுபாடும் அவ்வளவே.

மாலையில் மானியைப் பூட்டினர். முள் மூன்றைத் தாண்டிச் சென்றது. இளைஞனின் முகம் வாடிற்று. ஒரு பகல் முழுவதும் உழைத்து வண்டியைக் கெடுத்துவிட்டோமோ என்று அவன் அஞ்சினான். முதியவரோ அன்றுதான் முதன்முதலாக முகம் மலர்ந்தார். கோலின் நீளத்தைச் சிறிது குறைத்து, அதன் அடிக்கும் வண்டியின் உடலுக்குமிடையே சில சுற்றுக்கள் கொண்ட ஒரு சிறு சுருளை இணைத்தார். பதினைந்து ஓமைப் பெட்டிக்கு ஐம்பது ஓமாகக் காட்டும் நேர்மையான வழி அது. முள் படிப்படியாக இறங்கி ஒன்றின் அருகே வந்து நின்றது. முதல் நாள் காட்டிய அதே எண். ஆனால் அன்று அந்த எண்ணைத் தந்தது பழுது. இன்று தந்தது வேலை.

அத்துடன் முதியவர் நிறைவடையவில்லை. அடுத்த பயணத்தில் தாமும் வண்டியில் ஏறினார். வண்டி புதைந்த அதே மணற்பாதையில், அதே மாலை நேரத்தில் நிறுத்தச் சொன்னார். நேராக நிற்கும் கோல் அலையைத் தொடுவானை நோக்கியே பெரிதும் வீசும். நகரம் இருக்கும் குறுந்தூரத்துக்கோ அலை மேலே சென்று அயன மண்டலத்திற் பட்டுத் திரும்ப வேண்டும். அதனால் கோலை நைலோன் கயிற்றால் பின்னோக்கி வளைத்துக் கட்டினார். ஒலிபெருக்கியில் முன்பிருந்த இரைச்சலும் பெரிதும் அடங்கியிருந்தது. சாரதி ஒலிவாங்கியைச் சற்று அஞ்சியபடியே உதட்டருகே கொண்டுசென்று அழைத்தார். அது கடிக்கவில்லை. முதல் அழைப்புக்கே நகரம் மறுமொழி கூறிற்று. வண்டியின் இலக்கத்தையும் இடத்தையும் திருப்பிச் சொல்லி, உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம், சோதனைதான் என்றார் சாரதி. முதியவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாட்களின் பின் அவர் வைத்தியசாலைக்குச் சென்றார். செல்லவேண்டும் என்று எவரும் அவரை வற்புறுத்தவில்லை. செல்லாதிருப்பினும் குறை கூறுவார் இல்லை. மீனவர் கட்டிலில் அமர்ந்து, இல்லாத காலின் இடத்தைப் போர்வையால் மூடியிருந்தார். முதியவர் தாம் யாரென்று கூறினார். அன்றிரவு வானொலி கேளாமற் போனதற்குத் தம்முடைய வேலையே காரணம் என்றும், வர்ணத்தைத் தேய்க்காமல் முறுக்கியதையும் மறைக்காமற் சொன்னார். மீனவர் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார். பின்னர் கேட்டார்:

"இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"எங்கட பக்கத்தில இருந்தும்?"

"அங்க நிண்டுதான் பார்த்தனான்."

மீனவர் தலையை அசைத்தார். அது மன்னிப்பா, வெறும் ஒப்புதலா என்று முதியவருக்கு விளங்கவில்லை. கேட்பதற்குத் தமக்கு உரிமை இருப்பதாகவும் அவர் கருதவில்லை. கொண்டுசென்ற தோடம்பழங்களைக் கட்டிலருகே வைத்துவிட்டுத் திரும்பினார்.

அன்று மாலையே அவர் கராஜுக்குப் போய், அதே இரவில் அவசரமாகப் பொருத்திய மற்ற மூன்று வண்டிகளையும் கொண்டுவரச் சொன்னார். அவற்றின் மானிகளும் நல்ல அளவையே காட்டின. ஒன்றில் இணைப்பு உண்மையாகவே நன்றாக இருந்தது. இரண்டில் வர்ணத்தின்மேல் தாங்கி இருந்தது. இளைஞன் கேட்காமலே அரத்தாளை எடுத்தான். அதன்பின் அவர்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்தனர். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வண்டியின் இணைப்புகளும் கழற்றிப் பார்க்கப்பட்டு, திகதியிட்டு எழுதப்பட்டன. குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் முதியவர் ஒரேயொரு கேள்வியைத் தம் கையால் எழுதிவைத்தார்: எங்கே போகின்றது?

தெருவில் சிறுவர் பின்னரும் அக்கோல்களையே அண்ணாந்து பார்த்தனர். அவை காற்றில் ஆடின, வெயிலில் மின்னின. அவற்றின் அடியில், வண்டியின் வயிற்றுக்குக் கீழே, கிறீஸும் வர்ணமும் மூடிய நாணய அளவு உலோகத்தில் மறுபாதி இருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டியவர் மாதம் ஒருமுறை பார்த்தார்.